சாத்தானும் டெவிலும்: இரண்டு சொற்கள் நடந்து வந்த வழி

தமிழ் பேசும் நாம் ஒரே ஆளைக் குறிக்க நான்கு வெளிச்சொற்களைப் புழங்குகிறோம். பைபிள் வாசிப்பவர் சாத்தான் என்கிறார். குர்ஆன் ஓதுபவர் சைத்தான் என்றும் இப்லீஸ் என்றும் சொல்கிறார். ஆங்கிலம் கலந்து பேசுபவருக்கு அது டெவில். நான்கும் ஒன்றுதான் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். பொருளைப் பார்த்தால் அது பெரும்பாலும் சரி. பிறப்பைப் பார்த்தால் இவை இரண்டு குடும்பங்கள். சாத்தானும் சைத்தானும் ஒரு குடும்பம். டெவில் இன்னொரு குடும்பம். இப்லீஸும் டெவிலின் குடும்பம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். முதல் குடும்பத்தின் வேர், அரபியும் எபிரேயமும் சேர்ந்த செமித்திய மொழிகளில், குறிப்பாக யூதத் திருமறையின் மொழியான எபிரேயத்தில் இருக்கிறது. இரண்டாவதன் வேர் கிரேக்கத்தில்.

இந்த இரண்டு வேர்களுக்கும் தொடக்கத்தில் எந்தக் கெட்ட ஆவியோடும் தொடர்பு இல்லை. ஒன்றின் பொருள் எதிராளி. மற்றதன் பொருள் அவதூறு பேசுபவன், கோள்மூட்டி. இரண்டுமே மனிதர்களைப் பற்றிப் பேசப் பயன்பட்ட சாதாரணச் சொற்கள். ஒரு செயலைச் சொன்ன சொல் எப்படி ஓர் ஆளின் பெயராக மாறியது என்பதுதான் இந்தக் கதை முழுக்க.

எதிராளி

எபிரேயத்தில் 'சாட்டான்' என்றால் எதிர்ப்பவன், குறுக்கே நிற்பவன், வழக்கில் குற்றம் சாட்டுபவன். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சாட்டான் ஆகலாம். பின்னாளில் இஸ்ரவேலின் அரசரான தாவீது சில காலம் எதிரி இனத்தாரான பெலிஸ்தியரிடம் அடைக்கலமாக இருந்தார். அவர்கள் போருக்குக் கிளம்பும்போது தாவீதும் உடன் வருகிறார். பெலிஸ்தியத் தலைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 'இவனைக் கூட்டிப் போகவேண்டாம், போர்க்களத்தில் நமக்கே எதிராளி ஆகிவிடுவான்' என்கிறார்கள். பைபிளின் 1 சாமுவேல் 29-ஆம் அதிகாரத்தில் இருக்கும் இந்த வரியில் 'எதிராளி' என்ற இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள சொல் சாட்டான். அதாவது இங்கே சாட்டான் ஆகக்கூடியவர் தாவீது! அப்புறம், சாலொமோன் அரசருக்கு ஏதோமைச் சேர்ந்த ஆதாத் என்பவன் சாட்டானாக எழும்பினான் என்று 1 இராஜாக்கள் 11 சொல்கிறது. அது அரசியல் பகை, அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் விட வியப்பானது எண்ணாகமம் 22-இல் வருகிறது. பிலேயாம் என்பவர் கழுதையில் ஏறிப் போகிறார். அந்தப் பயணம் கடவுளுக்குப் பிடிக்கவில்லை. கடவுளின் தூதர் உருவிய வாளோடு வழியை மறித்து நிற்கிறார். கழுதைக்குத் தூதர் தெரிகிறார், பிலேயாமுக்குத் தெரியவில்லை. அந்தத் தூதர் 'சாட்டானாக' நின்றார் என்கிறது மூலம். கடவுளே அனுப்பிய தூதருக்கு அந்தச் சொல் பொருந்துகிறது என்றால், அதில் கெட்டவன் என்ற பொருளே அப்போது இல்லை என்று தெரிகிறது. குறுக்கே நின்றார், அதனால் சாட்டான்.

தமிழில் வாசிக்கும்போது இது நம் கண்ணில் படுவதில்லை. மொழிபெயர்த்தவர்கள் இந்த இடங்களில் எதிராளி, விரோதி என்று எழுதிவிட்டு, யோபு என்ற நல்லவரின் துன்பங்களைச் சொல்லும் யோபு நூலுக்கு வரும்போது சாத்தான் என்று எழுதினார்கள். அவர்கள் செய்தது தவறில்லை, அந்தந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம். ஆனால் இரண்டும் மூலத்தில் ஒரே சொல் என்பது வாசகருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இதை முதன்முதலாக அறிந்தபோது நான் பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு யோபு நூலையே வேறு கண்ணோடு வாசிக்க முடிந்தது.

யோபு நூலின் தொடக்கத்தில் கடவுளின் முன்னால் ஓர் அவை கூடுகிறது. அங்கே வருபவரை எபிரேயம் 'ஹசாட்டான்' என்கிறது. முன்னால் வரும் 'ஹ' என்ற ஒலி, 'அந்த' என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுவது. எபிரேயத்தில் ஆட்பெயருக்கு முன்னால் இதைப் போடமாட்டார்கள். தமிழில் 'அந்த முருகன்' என்று பெயரைச் சொல்லும்போது எப்படி ஒரு நெருடல் வருமோ அப்படி. ஆகவே இது பெயராக இருக்க முடியாது, ஒரு பதவி. 'குற்றம் சாட்டும் அலுவலர்' என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கேட்கும் கேள்வி: யோபு சும்மாவா கடவுளுக்குப் பயந்து நடக்கிறான்? வசதி எல்லாம் கொடுத்திருக்கிறீர், அதனால்தானே? இது ஒரு வழக்கறிஞர் கேட்கக்கூடிய கேள்வி. கடவுள் அனுமதித்த எல்லைக்கு மேல் அவரால் ஓர் அடிகூட வைக்க முடியாது. சகரியா 3-ஆம் அதிகாரத்திலும் இதே பதவிக்காரர் வருகிறார். தலைமைக் குரு யோசுவாவின் வலப்பக்கம் நின்று அவர் மேல் குற்றம் சாட்டுகிறார்.

பதவி எப்போது பெயரானது? அதைக் காட்டும் ஒரு தடயம் இருக்கிறது. தாவீது தன் மக்களைக் கணக்கெடுத்தார், அது குற்றமாயிற்று. இந்த நிகழ்ச்சி பைபிளில் இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. முதலில் எழுதப்பட்ட 2 சாமுவேல் 24-இல், தாவீதைத் தூண்டியது கடவுளின் கோபம். பல தலைமுறைகள் கழித்து எழுதப்பட்ட 1 நாளாகமம் 21-இல், தூண்டியது சாட்டான். இந்த முறை முன்னால் 'ஹ' இல்லை. இங்கே அது பெயராகிவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். 'ஓர் எதிராளி' என்றுதான் இன்னும் வாசிக்கவேண்டும் என்பவர்களும் உண்டு. எப்படி வாசித்தாலும், கடவுளின் கோபம் என்று முன்பு எழுதிய இடத்தில் வேறொருவரை நிறுத்தவேண்டும் என்று பின்னால் வந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிக முக்கியமான இடம் இதுதான். தீமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்த ஒரு வரியின் மாற்றத்தில் தெரிகிறது.

அதற்குப் பின் வந்த சில நூற்றாண்டுகளில் யூதர்கள் எழுதிய நூல்களில் தீமையின் தலைவனுக்குப் பல பெயர்கள் போட்டியிட்டன. மஸ்தேமா, பெலியால், அசாசேல் என்று ஒவ்வொரு நூலில் ஒவ்வொரு பெயர். கி.மு. 539-இல் பாபிலோன் பாரசீகர் வசமானது முதல் இரு நூற்றாண்டுகள் யூதர்கள் பாரசீக ஆட்சியின் கீழ் இருந்தார்கள். பாரசீகரின் ஜொராஸ்திரிய சமயத்தில் நல்ல கடவுளுக்கு எதிராக அங்கிர மைன்யு என்ற அழிவு ஆற்றல் நிற்கும். பிற்காலத்தில் அதற்கு அஹ்ரிமன் என்று பெயர். அந்தச் சிந்தனை யூதர்களிடம் எவ்வளவு இறங்கியது என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே விவாதம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏதேன் தோட்டத்தில் ஏவாளிடம் பேசிய பாம்பு சாத்தான் என்று ஆதியாகமம் எங்கும் சொல்வதில்லை. அங்கே அது பாம்பு மட்டும்தான். இரண்டையும் வெளிப்படையாக ஒன்றாக்கும் வரி பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில், 12-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பழைய பாம்பு, பிசாசு, சாத்தான் எல்லாம் ஒருவனே என்று அந்த வரி அடுக்கிச் சொல்கிறது.

குறுக்கே எறிபவன்

சரி, டெவிலுக்கு வருவோம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் யூதர்கள் தங்கள் திருமறையைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். எழுபது பேர் சேர்ந்து செய்தார்கள் என்ற கதையால், எழுபது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குச் செப்துவஜிந்து என்று பெயர் வந்தது. யோபு நூலின் சாட்டானைக் கிரேக்கத்தில் எப்படிச் சொல்வது? அவர்கள் தேர்ந்த சொல் 'டியாபோலோஸ்'.

'டியா' என்றால் குறுக்கே, ஊடே. 'பாலெய்ன்' என்றால் எறிதல். இரண்டும் சேர்ந்த வினைக்கு, இருவருக்கு இடையே பேச்சைப் போட்டுப் பிரித்துவிடுதல், பழி தூற்றுதல் என்று பொருள் வந்துவிட்டது. தமிழில் 'கோள்மூட்டி' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். எறிதல் என்ற இந்த வினையின் பிள்ளைகள் பலரை நமக்கு ஏற்கெனவே தெரியும். சேர்த்து எறிந்தது சிம்பல். நம் முன்னால் எறியப்பட்டுக் கிடப்பது பிராப்ளம். உடலுக்குள் ஒன்று இன்னொன்றாக மாற்றி எறியப்படுவது மெட்டபாலிசம். தூக்கி எறியப்பட்டு விழும் ஏவுகணை பேலிஸ்டிக். டெவில் இவர்கள் எல்லோருக்கும் உடன்பிறப்பு. சிம்பல் சேர்க்கிறது, டியாபோலோஸ் பிரிக்கிறது என்று அந்த எதிர்ச்சோடியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கிரேக்கர்களிடம் இது நீதிமன்றத்திலும் சந்தைப் பேச்சிலும் புழங்கிய சொல். கி.மு. 399-இல் ஏதென்ஸில் சாக்ரடீஸ் விசாரிக்கப்பட்டபோது, தன்னைப் பற்றி நெடுங்காலமாகப் பரப்பப்பட்ட அவதூறுதான் தன் முதல் எதிரி என்றார். பிளேட்டோ எழுதிவைத்த அந்த உரையில் அவதூறுக்கு வரும் சொல் 'டியாபொலே'. அதே வழக்கில் அவர் மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று, நகரம் ஏற்காத புதிய 'டைமோனியா'க்களைக் கொண்டுவந்தார் என்பது. தெய்வம் சார்ந்தவை என்று அதற்குப் பொருள். டெவில் என்ற சொல்லின் மூதாதையும் டீமன் என்ற சொல்லின் மூதாதையும் ஒரே மனிதரின் வழக்கில் சந்தித்திருக்கின்றன. இரண்டில் எதுவும் அன்று நரகத்தைச் சேர்ந்ததாக இல்லை.

டைமோன் என்றால் கிரேக்கர்களுக்குத் தெய்வ ஆற்றல், அல்லது மனிதனுக்கும் தெய்வத்துக்கும் நடுவே நிற்கும் ஓர் ஆவி. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். தவறான காரியத்தில் இறங்கப்போகும்போது தன்னைத் தடுக்கும் ஒரு குரல் உண்டு என்று சாக்ரடீஸ் சொன்னார், அதுவும் டைமோனியன்தான். நல்வாழ்வு என்ற பொருளில் அரிஸ்டாட்டில் பேசும் 'யூடைமோனியா'வுக்குள்ளும் இந்த டைமோன் இருக்கிறது. நல்ல டைமோன் வாய்த்தவன் நன்றாக வாழ்கிறான் என்பது அதன் அடிப்படை. கிறிஸ்தவம் பரவியபோது பழைய தெய்வங்கள் எல்லாம் பொய்த்தெய்வங்கள் ஆயின, டைமோன்கள் எல்லாம் கெட்ட ஆவிகள் ஆயின. ஆனாலும் பழைய பொருள் முற்றிலும் சாகவில்லை. 1867-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல், வாயு மூலக்கூறுகளை வேகம் பார்த்துப் பிரித்துவிடும் ஒரு சிற்றுயிரைக் கற்பனை செய்தார். கெல்வின் பிரபு அதற்கு டீமன் என்று பெயரிட்டார். 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினி வல்லுநர்கள் பின்னணியில் ஓயாமல் வேலை செய்யும் நிரல்களுக்கு அந்த டீமனை நினைத்தே பெயர் வைத்தார்கள். முகவரி தவறாகி மின்னஞ்சல் திரும்பி வரும்போது அனுப்பியவர் பெயர் 'மெயிலர் டீமன்' என்று இருக்குமே, அது இதுதான். பயப்பட வேண்டாம், உதவி செய்யும் பழைய கிரேக்க ஆவி அது.

டியாபோலோஸ் விஷயத்தில், புதிய ஏற்பாடு எழுதப்பட்ட காலத்தில்கூட மனிதப் பொருள் உயிரோடு இருந்தது. 1 தீமோத்தேயு 3-இல் சபையில் பெண்கள் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும்போது, 'டியாபோலோஸ்'களாக இருக்கக்கூடாது என்கிறது கிரேக்க மூலம். டெவில்களாக இருக்காதீர்கள் என்று யாரும் இதை மொழிபெயர்ப்பதில்லை. அவதூறு பேசாதவர்களாக இருக்கவேண்டும் என்பதே அங்கே பொருள்.

அங்கிருந்து சொல் மேற்கே நடந்தது வேகமான பயணம். இலத்தீனில் டியாபோலுஸ். பழைய ஆங்கிலத்தில் தேயோஃபோல், அது தேய்ந்து டெவில். ஜெர்மனில் டாய்ஃபல், பிரெஞ்சில் டியாபிள், ஸ்பானியத்தில் டியாப்லோ. எல்லாம் ஒரே கிரேக்கச் சொல்லின் உச்சரிப்பு வேறுபாடுகள்.

தேவனும் டெவிலும் உறவா?

டெவில் என்பது 'தேவ' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது, வேண்டுமென்றே இழிவுபடுத்த அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நல்ல மனதோடு நம்பிச் சொல்பவர்களே அதிகம். ஆனால் அது சரியில்லை. டெவிலின் பழைய வடிவங்கள் எல்லாவற்றிலும் நடுவே ஒரு 'ப' அல்லது 'ஃப' இருக்கிறது, கடைசியில் ஒரு 'ல' இருக்கிறது. இரண்டும் எறிதல் என்ற அந்தக் கிரேக்க வினையின் எலும்புகள். தேவ என்பதில் அவை கிடையாது. தேவ என்பதன் வேர் ஒளிர்தல், வானம். அதன் உண்மையான உறவினர்கள் இலத்தீனின் தேயுஸ், லித்துவேனிய மொழியின் தியேவாஸ், ஆங்கிலத்தில் தெய்வீகத்தைக் குறிக்கும் டிவைன். எல்லாமே கடவுள் பக்கம் இருப்பவை.

இதே போல, ஈவில் என்ற ஆங்கிலச் சொல்லின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால் டெவில் என்பார்கள். அதுவும் தற்செயல். ஈவில் என்பது ஜெர்மானியக் குடும்பத்தின் சொந்தச் சொல்.

ஆனால் தேவ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது, அது ஐரோப்பாவில் இல்லை, ஈரானில். வேத மொழியும் பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவும் மிக நெருங்கிய உறவு. இந்தியாவில் தேவர் நல்லவர், அசுரர் கெட்டவர். ஈரானில் அஹுரா மஸ்தா உயர்ந்த கடவுள், தைவர்கள் கெட்டவர்கள். அஹுரா என்பதும் அசுர என்பதும் ஒரே சொல், தைவ என்பதும் தேவ என்பதும் அப்படியே. ரிக்வேதத்தின் பழைய பாடல்களில் வருணனையும் அக்னியையும் அசுரன் என்று பெருமையாகவே அழைத்திருக்கிறார்கள். ஈரானிய மொழியில் உள்ள ஜொராஸ்திரிய மறைநூலின் வெந்திதாத் என்ற பகுதியிலோ இந்திரன் பெயர் தைவர்கள் பட்டியலில் இருக்கிறது. பாரசீகப் பேரரசர் செர்க்செஸ், தைவர்களை வழிபட்ட இடத்தை அழித்ததாகக் கல்லில் வெட்டி வைத்தார். பெர்செபோலிஸில் 1935-இல் கிடைத்த கல்வெட்டு அது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. வட இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கே நடந்து ஐரோப்பா போய்ச்சேர்ந்த ரோமா மக்களின் மொழியில் கடவுளுக்குப் பெயர் 'தெவெல்'. 'தேவதா' என்பதன் தேய்ந்த வடிவம் அது. ஆங்கிலேயர் காதில் அது டெவில் என்றே விழும். ஒரு ரோமா பாட்டி பேரப்பிள்ளையை வாழ்த்திக் கடவுளை அழைத்தால், பக்கத்தில் நின்று கேட்டவருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒலியை மட்டும் வைத்துச் சொல்லுக்கு உறவு சொன்னால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

விடிவெள்ளி

லூசிஃபர் என்ற பெயரைக் கேட்டாலே பலருக்கு நடுக்கம். இலத்தீனில் அதன் பொருள் ஒளி கொண்டுவருபவன். விடியுமுன் கிழக்கே தெரியும் வெள்ளிக் கோளுக்கு ரோமர்கள் வைத்த பெயர் அது. நாம் விடிவெள்ளி என்கிறோம்.

ஏசாயா 14-ஆம் அதிகாரம் பாபிலோன் அரசனை எள்ளிப் பாடுகிறது. வானத்தின் உச்சிக்கே போவேன் என்று இறுமாந்தவன் பாதாளத்தில் விழுந்தான், விடியலின் மகனே, ஒளிரும் விண்மீனே, எப்படி விழுந்தாய் என்று கேட்கிறது. அந்த விண்மீனுக்குக் கிரேக்கத்தில் விடியலைக் கொண்டுவருபவன் என்று எழுதினார்கள். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனில் மொழிபெயர்க்கத் தொடங்கிய ஜெரோம் லூசிஃபர் என்று எழுதினார். கோளின் வழக்கமான பெயரைத்தான் அவர் போட்டார். வானத்திலிருந்து விழுந்தவன் என்ற படத்தை, விழுந்த தூதனின் கதையோடு சேர்த்து வாசித்தவர்கள் திருச்சபையின் பழைய ஆசிரியர்கள். அப்படித்தான் கோளின் பெயர் சாத்தானின் பெயர் ஆனது. தமிழ் பைபிளில் அந்த வசனத்தைத் திறந்து பாருங்கள். அங்கே விடிவெள்ளி என்றே இருக்கும். தமிழில் மட்டும் வாசித்தவருக்கு லூசிஃபர் என்ற பெயர் தெரியவே வாய்ப்பில்லை.

அந்தச் சொல் இலத்தீனில் தீட்டுப்பட்டுவிடவும் இல்லை. அதே 4-ஆம் நூற்றாண்டில் சார்தினியாத் தீவின் காலியாரி நகரில் ஆயராக இருந்தவர் பெயர் லூசிஃபர். கொள்கையில் மிகக் கறாரானவர். உயிர்ப்பு விழாவின் முந்தைய இரவில் கத்தோலிக்கத் திருச்சபை பாடும் பழைய இலத்தீன் புகழ்ப்பாடலில், மறையாத விடிவெள்ளியான கிறிஸ்துவைக் குறிக்க வரும் சொல் லூசிஃபர். டச்சு மொழியில் இன்றும் தீக்குச்சிக்கு லூசிஃபர் என்றுதான் பெயர். கிரேக்கத்தில் ஒளி கொண்டுவருவது 'பாஸ்ஃபோரோஸ்', 1669-இல் ஹாம்பர்கைச் சேர்ந்த ஹென்னிக் பிராண்ட் கண்டெடுத்த பாஸ்பரஸ் அந்தப் பெயரைப் பெற்றது. மின்மினிப் பூச்சியை ஒளிரச் செய்யும் வேதிப்பொருளுக்கு லூசிஃபெரின் என்று பெயர். எல்லாமே வெளிச்சம்.

பேய்களின் தலைவனுக்குப் புதிய ஏற்பாட்டில் வரும் பெயெல்செபூல் என்ற இன்னொரு பெயருக்கும் சுருக்கமாக ஒரு சொல். 2 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் எக்ரோன் நகரத்தாரின் தெய்வம் பாகால்சேபூப். ஈக்களின் தலைவன் என்று பொருள். அந்த மக்கள் தங்கள் தெய்வத்துக்கு அப்படிப் பெயர் வைத்திருப்பார்களா என்பது ஐயம்தான். 'செபூல்' என்றால் இளவரசன், உயர்ந்தவன். சிரியக் கடற்கரையில் இருந்த உகாரித் என்ற பழைய நகரில் கிடைத்த களிமண் பலகைகளில் பாகால் தெய்வத்துக்கு அந்தப் பட்டம் உண்டு. அண்டை மக்களின் தெய்வத்தை இழிவுபடுத்த ஓர் எழுத்தை மாற்றி ஈயாக்கினார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சைத்தான், இப்லீஸ்

அரபியின் ஷைத்தான் எபிரேயச் சாட்டானின் உறவு. அரபு இலக்கண ஆசிரியர்கள் அதை 'விலகிப் போதல், தொலைவாதல்' என்ற வேரோடு இணைத்து விளக்குவார்கள். இறைவனின் அருளை விட்டு விலகியவன் என்பது அவர்கள் தரும் பொருள். குர்ஆனில் ஷைத்தான் ஒரு வகையின் பெயராகவும் வருகிறது. மனிதரிலும் ஜின்களிலும் ஷைத்தான்கள் உண்டு என்று 6-ஆம் அத்தியாயம் சொல்கிறது. இங்கேயும் மனிதரை அந்தச் சொல் விட்டுவிடவில்லை.

இப்லீஸ் தனிப்பெயர். ஆதமுக்குத் தலைவணங்கச் சொன்னபோது மறுத்தவன் அவன். அவன் ஜின்களில் ஒருவன் என்று 18-ஆம் அத்தியாயம் கூறுகிறது. 'நம்பிக்கை இழத்தல்' என்ற அரபு வேரிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது மரபான விளக்கம். கிரேக்க டியாபோலோஸ் அரபிக்குள் வந்து தேய்ந்த வடிவம் என்பது மேற்கத்திய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஜின் என்ற சொல்லும் அழகானது. மறைந்திருத்தல் என்பது அதன் வேர். மரங்கள் மூடிய சோலையான ஜன்னத், கருவில் மறைந்திருக்கும் சிசுவான ஜனீன், ஜின் பிடித்தவன் என்ற பொருளில் பித்தனான மஜ்னூன், எல்லாம் அதே வேரில் முளைத்தவை.

சொல்லைப் பற்றிப் பேசும்போது அது செய்த காயத்தையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வட ஈராக்கில் குர்து மொழி பேசும் யசீதிகள் என்ற சிறுபான்மை மக்கள் வாழ்கிறார்கள். மயில் வடிவில் வணங்கப்படும் தாவூசி மெலெக் அவர்களுக்குத் தலைமைத் தூதர். அவர் நல்லவர் என்பது அவர்கள் நம்பிக்கை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் அந்த மயில் தூதரை இப்லீஸோடு ஒன்றாக்கி, அவர்களைச் சைத்தானை வணங்குபவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பழித்தார்கள். ஷைத்தான் என்ற சொல்லை வாயால் சொல்வதையே யசீதிகள் தவிர்க்கிறார்கள். 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பு சிஞ்சார் பகுதியில் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது, பெண்களையும் சிறுமிகளையும் அடிமைகளாக விற்றது. அதற்கு அவர்கள் காட்டிய நியாயங்களில் ஒன்று அந்தப் பழைய பழிச்சொல். டியாபோலோஸ் என்றால் அவதூறு பேசுபவன் என்று பார்த்தோம். இங்கே அவதூறு யாருடையது என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை, டெவிலோடு ஒப்பந்தம் செய்துகொண்ட சூனியக்காரிகள் என்று சொல்லிப் பல்லாயிரம் பேரைக் கொன்றதும் இதே வகைதான். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

நம் சொற்கள்

தமிழுக்கு இந்த விருந்தாளிகள் வருவதற்கு முன்பே பேய் இருந்தது. தொல்காப்பியத்தின் உரியியலில் 'பே நாம் உரும் என வரூஉம் கிளவி, ஆமுறை மூன்றும் அச்சப் பொருள' என்று ஒரு நூற்பா. பே என்றால் அச்சம். பேய் என்பது அந்த அச்சத்திலிருந்து வந்திருக்கலாம். ஆனால் தமிழ்ப் பேய் முழுக்கக் கெட்டதில்லை. காரைக்கால் அம்மையார் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே பாடலில் கையெழுத்திட்டார். பக்தியில் பித்தானவர் பேயாழ்வார். அளவு மீறிப் பெய்தால் பேய்மழை.

பிசாசு சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. பூதம் என்றால் சமஸ்கிருதத்தில் உண்டானது, ஆகிப்போனது. அதனால்தான் ஐம்பூதமும் பூதம், அச்சுறுத்தும் உருவமும் பூதம். சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் நாற்சந்தியில் நிற்கும் பூதம் பொய்ச்சாட்சி சொல்பவரையும் பிறன்மனை விரும்புபவரையும் பிடித்துத் தண்டிக்கிறது. காவல்காரப் பூதம் அது.

சாத்தான் என்ற வடிவம் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. சாத்தன் என்பது பழைய தமிழ்ப் பெயர். மணிமேகலை பாடியவர் சீத்தலைச் சாத்தனார். இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டுக்கு எப்போதும் வந்து நிற்பவனும் சாத்தன்தான். ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயர் உண்டு. இதற்கும் எபிரேயச் சாட்டானுக்கும் ஒரு காலடி எடுத்துவைக்கும் அளவுக்குக்கூட உறவு இல்லை. ஒரு நெடில்தான் வேறுபாடு என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

பைபிளைத் தமிழாக்கியவர்கள் சாட்டானைச் சாத்தான் என்று அப்படியே எடுத்துக்கொண்டு, டியாபோலோஸுக்குப் பிசாசு என்று போட்டார்கள். கத்தோலிக்கர்களின் புதிய மொழிபெயர்ப்பில் அலகை என்ற சொல் வருகிறது. எனக்கு அந்தத் தேர்வு மிகப் பிடிக்கும். ஏனென்றால் அலகை திருக்குறளில் இருக்கும் சொல்:

உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து
அலகையா வைக்கப் படும்.

உலகமே உண்டு என்று ஒப்புக்கொள்வதை இல்லை என்று மறுப்பவன் அலகையாக எண்ணப்படுவான். இதுவும் ஒரு மனிதனைப் பற்றியே பேசுகிறது. அவன் செய்யும் செயல் எதிர்த்துப் பேசுவது.

டெவிலின் வழக்கறிஞர்

ஆங்கிலத்தில் டெவில் இன்று பல இடங்களில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. அச்சுக்கூடத்தில் மை பூசிய முகத்தோடு ஓடியாடிய எடுபிடிப் பையன் பிரிண்டர்ஸ் டெவில். வெயிலில் புழுதியைச் சுருட்டிக்கொண்டு எழும் சிறு சூறை டஸ்ட் டெவில். செவ்வாய்க் கோளில் ஸ்பிரிட் என்ற ஊர்தி 2005-இல் அப்படிச் சுழன்று போன டஸ்ட் டெவில்களைப் படம்பிடித்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் இரவில் அலறும் ஒரு சிறு விலங்கின் குரலைக் கேட்டு மிரண்ட குடியேறிகள் அதற்கு டாஸ்மேனியன் டெவில் என்று பெயரிட்டார்கள்.

இவற்றில் ஒன்றுதான் சொல்லின் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போனது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கும் முன் ஒரு வழக்குப் போல விசாரிப்பார்கள். அவருக்கு ஆதரவாகப் பேச ஆள் உண்டு. எதிராகப் பேசவும் ஒருவர் வேண்டும். அவருடைய வாழ்க்கையில் குறை தேடி, அற்புதங்கள் என்று சொல்லப்படுபவற்றைக் கேள்வி கேட்டு, 'இவர் உண்மையாகவே புனிதரா?' என்று குடைந்து கேட்பது அவர் கடமை. 1587-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திருத்தந்தை இந்தப் பதவியை நிறுவினார். 'நம்பிக்கையை முன்னெடுப்பவர்' என்பது அதன் அலுவல் பெயர். மக்கள் வைத்த பெயர் 'டெவிலின் வழக்கறிஞர்'. சொந்த நம்பிக்கை எதுவானாலும் விவாதத்துக்காக எதிர்த்தரப்பில் நின்று பேசுபவரை இன்று டெவில்ஸ் அட்வகேட் என்று சொல்வது அங்கிருந்து வந்தது.

யோபுவைப் பற்றி 'சும்மாவா பயந்து நடக்கிறான்?' என்று கேட்டவரின் வேலையும், தலைமைக் குருவின் வலப்பக்கம் நின்றவரின் வேலையும் இதுதான். 1983-இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை விசாரணை முறையை மாற்றினார். அதற்குப் பின் அந்தப் பதவியின் எதிர்வாதப் பங்கு வெகுவாகக் குறைந்தது, புனிதர்களாக அறிவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை மிகவும் கூடியது.